கிளப்புக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்துச் சுவரில் போஸ்டரை ஒட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்ட காலை. சுவரில் ஈரம் இருந்ததால் காகிதத்தின் ஓரம் சுருண்டுகொண்டே இருந்தது. உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் படியவைத்தேன். மைதாப் பசை விரல் இடுக்கில் காய்ந்து தோலை இழுத்தது. அறுபதைத் தாண்டிய ஆள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாளியும் பிரஷுமாக நிற்பதைப் பார்த்து, கேட் திறக்கக் காத்திருந்த ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போஸ்டரில் கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. செத்தது எங்கள் கால்பந்து கிளப். அந்த வருஷம் ஆட்டமே கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். மனிதன் செத்தால் ஒட்டுகிறோம், கட்சிக்காரன் செத்தால் ஊர் முழுக்க ஒட்டுகிறோம், கிளப்புக்கு ஒட்டினால் என்ன என்று எனக்குக் கோபம்.

மீன்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த ஓர் அம்மா என் பக்கத்தில் நின்றார். போஸ்டரில் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

“த்சொ, இன்னா ஆச்சு?” என்று கேட்டார்.

“காசு போட்டவங்க எல்லாம் கைய வுட்டுட்டாங்கம்மா. அத்தோட முடிஞ்சிபோச்சு.”

அவர் யாரையோ திட்டினார். காசிருக்கிறவன் புத்தியே இதுதான் என்றார். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கால்பந்துக்காக அழ இந்த ஊரில் ஓர் உயிராவது மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, மீதிப் போஸ்டர்களோடு தண்டையார்பேட்டை பக்கம் நடந்தேன்.

அந்த அம்மா எதற்காக அழுதார் என்பது எனக்குப் புரிய மத்தியானம் ஆகிவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் மாமுவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

துண்டு போட்ட இடம்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் கதை தெரியும். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், கேட்டில் நின்று, பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை செய்தேன். ரிட்டயர் ஆனேன். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதையும் எழுதிவிட்டேன். அதைப் படித்துவிட்டு வரன் பார்த்துத் தருவதாகச் சொன்ன மதுரை வாசகருக்கு நன்றி, தயவுசெய்து விட்டுவிடுங்கள். திருவொற்றியூரில், தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும், நம் நகரத்துக்கென்று ஒரு கிளப் வந்தது. பெரிய ஆட்கள் பணம் போட்டு, வெளிநாட்டு ஆட்டக்காரர்களை இறக்கி, டி.வி.யில் காட்டும் லீக். பெரியமேட்டு ஸ்டேடியத்தில் ஆட்டம். முதல் ஆட்டத்துக்கே ஓடினேன். நம்பர் போட்ட சீட்டெல்லாம் பணக்கார ஸ்டாண்டில்தான். எங்கள் கிழக்கு ஸ்டாண்டில் முன்னால் வந்தவன் துண்டு போட்டு இடம் பிடிக்கவேண்டும்.

என் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு. அதன் சொந்தக்காரர் வெள்ளைத் தொப்பி, முழுக்கைச் சட்டை, ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பாதி ஆட்டம்வரை வாயே திறக்கவில்லை. பிறகு எதிரணித் தடியன் ஒருவன் எங்கள் ஆளை முழங்காலில் உதைத்தான். நானும் அவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே கெட்ட வார்த்தையைச் சொன்னோம். என்ன வார்த்தை என்று இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “கரீக்டா சொன்ன மாமு” என்றார் அவர். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமு, நான் அவருக்கு மாமு.

பெயரைக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரை மாமு என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு, உன் பேர் என்ன என்று கேட்பது மரியாதையில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டு இது யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பது மாதிரி இருக்கும்.

ஆட்டம் முடிந்தால் மூர் மார்க்கெட் ஸ்டேஷனுக்கு நடப்போம். வேர்க்கடலைப் பொட்டலம் ஆளுக்கொன்று. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுவோம். பேசின் பிரிட்ஜில் சிக்னல் கிடைக்காமல் வண்டி முனகிக்கொண்டு நிற்கும். ரெஃப்ரியைத் திட்ட அந்த நேரம் சரியாக இருக்கும். கொருக்குப்பேட்டையில் அவர் இறங்கிக்கொள்வார். நோன்பு மாதத்தில் ஆட்டம் வந்தால், பாங்கு நேரத்துக்குச் சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து எனக்கும் ஒன்று கொடுப்பார். நோன்பு பிடிக்காதவன் முதலில் வாயில் போட்டுக்கொள்வது நன்றாக இருக்காது என்று அவர் தின்னும்வரை கையிலேயே வைத்திருப்பேன்.

அவர் வீடு எங்கே, என்ன தொழில், எத்தனை பிள்ளைகள், ஒன்றும் தெரியாது. ஆனால் கார்னர் கிக் வரும்போது அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார் என்று தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆபீஸ் டீம்

நான் கால்பந்து பார்க்க ஆரம்பித்தது இந்த லைட்டு வெளிச்சத்துக்கும் பாட்டுக்கும் ரொம்ப முன்னால். அப்போது ஊரில் இருந்ததெல்லாம் ஆபீஸ் டீம். பேங்க், துறைமுகம், தொழிற்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டீம். நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காலையில் கையெழுத்துப் போடுவான், சாயங்காலம் கிரவுண்டுக்கு வருவான். கால் உடைந்தாலும் சம்பளம் வரும். ஓய்வு பெற்றால் பென்ஷன் வரும்.

என் தெருவில் ஒருவர் இருந்தார், பேங்க் டீமின் கோல்கீப்பர். ராயபுரத்துப் பழைய ஆட்கள் யாரைச் சொல்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெனால்டியைப் பிடித்துவிட்டு மறுநாள் கவுன்ட்டரில் உட்கார்ந்து சலான் வாங்குவார். நாங்கள் வேண்டுமென்றே அவர் கவுன்ட்டர் வரிசையில் நிற்போம். பணத்தை எண்ணும் அந்த விரல்களைப் பார்ப்பதற்காகவே போனவன் நான்.

அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். கிரவுண்டில் புல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. மேலதிகாரியின் மச்சான் சொன்னால் ஆடத் தெரியாதவனும் டீமில் இருப்பான். ஆனால் அந்த டீமைத் திடீரென்று ஒருநாள் யாரும் சுருட்டி எடுத்துக்கொண்டு போகமுடியாது. ஆபீஸ் இருக்கும்வரை டீம் இருக்கும். எனக்குத் தேவையெல்லாம் அவ்வளவுதான்.

நெஞ்சில் எழுதிய கம்பெனி

கால்பந்தை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. வியாபாரம் என்ன கெட்ட வார்த்தையா? காசிமேட்டு மீன் ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே சரக்கைத் தரையில் கொட்டிக் காட்டுவார்கள். விலையை உரக்கச் சொல்வார்கள். யார் எடுத்தது என்று கூடி நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கால்பந்தில் மட்டும் ஓர் ஆட்டக்காரனை என்ன விலைக்கு விற்றீர்கள் என்று கேட்டால், தொகை வெளியிடப்படவில்லை என்கிறார்கள். யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? டிக்கெட் வாங்கிக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்கிற என்னிடமிருந்துதானே? இதற்குப் பெயர் வியாபாரம் என்றால் காசிமேட்டு ஏலக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

வருஷத்துக்கு ஒரு ஜெர்சி. போன வருஷத்து ஜெர்சியைப் போட்டுக்கொண்டு போனால் ஸ்டாண்டில் இளசுகள் ஒரு மாதிரி பார்க்கும். நான் ஒன்றுதான் வாங்கினேன், அதையே போட்டுக்கொண்டு போனேன். அதன் நெஞ்சில் ஒரு கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும். என் பெயரைவிட அந்தப் பெயரைத்தான் என்மேல் அதிகப் பேர் படித்திருப்பார்கள். அந்தக் கம்பெனி என்ன விற்றது என்று எனக்கும் தெரியாது, மாமுவுக்கும் தெரியாது. பிறகு அது மூடப்பட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். வீட்டில் ஜெர்சியைத் துவைத்துக் கொடியில் போடும்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அப்புறம் அந்தப் பெரிய திரை. 'சத்தம் போடுங்கள்' என்று அதில் எழுத்து ஓடும். எனக்கு எப்போது கத்தவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நாங்கள் கத்துவது போதவில்லை என்று ஒலிபெருக்கியில் கைதட்டலைப் பதிவு செய்து போட்டார்கள். ஒருநாள் நாங்கள் கோல் வாங்கின நேரத்தில் அந்தக் கைதட்டலை எவனோ தட்டிவிட்டுவிட்டான். மாமு எழுந்து ஒலிபெருக்கியைப் பார்த்து விசாரித்த விசாரிப்பில் முன்வரிசைக் குடும்பம் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டோம். தாங்கமுடியாமல் போனது விக்கி விஷயம்.

விக்கி எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து வந்த பையன். இடது ஓரத்தில் ஓடுவான். அவன் பந்தை எடுத்தால் கிழக்கு ஸ்டாண்டே எழுந்து நிற்கும், ஏனென்றால் அவன் எங்கள் பாஷையில் லைன்ஸ்மேனோடு சண்டை போடுவான். மாமுவுக்கு அவன்மேல் உயிர். பையன் சட்டையைக் கால்சட்டைக்குள் செருகவில்லை என்றால்கூட இங்கிருந்து குரல் கொடுப்பார்.

ஒரு சனிக்கிழமை போனோம், ஆள் இல்லை. காயமா, கோச்சோடு தகராறா என்று விசாரித்தோம். வடக்கே ஒரு கிளப்புக்கு விற்றுவிட்டார்கள் என்று தண்ணீர் பாக்கெட் விற்கிறவர் சொன்னார். ஸ்டேடிய வாசலில் அவன் முகம் போட்ட பேனர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வாருங்கள், நம் பையனைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது. அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். ரயிலில் மாமு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. கொருக்குப்பேட்டை வந்ததும் அதை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். அதற்கப்புறம் ஓர் ஆட்டம்கூட விடாமல் வந்தார்.

சனிக்கிழமை

போன வருஷம் லீக் நின்றது. லீக்கை நடத்துகிறவர்களின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். புதிதாக எடுத்து நடத்த ஆள் வரவில்லையாம். பேச்சுவார்த்தை நடக்கிறதாம். பேப்பரில் கடைசிப் பக்கத்து மூலையில் சின்னதாக ஒரு செய்தி. கிளப் தன் பங்குக்கு ஓர் அறிவிப்பு போட்டது: 'எங்கள் ரசிகர்களே எங்கள் குடும்பம்.' குடும்பத்திடம் சொல்லாமல் கடையை மூடுகிற அப்பன் எங்கேயாவது உண்டா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தச் சனிக்கிழமைகளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க என் வீட்டில் யாரும் பேசுவதில்லை. மளிகைக் கடையில் இரண்டு வார்த்தை, மாவு மில்லில் ஒரு வார்த்தை. ஆட்டத்துக்குப் போய்க் கத்திவிட்டு வந்தால் மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டிருக்கும். அந்த வலி எனக்குப் பிடிக்கும். யாரோடோ பேசிவிட்டு வந்திருக்கிறோம் என்று தெரியும். லீக் நின்ற பிறகு என் தொண்டை சுத்தமாக இருந்தது. ஒருநாள் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டியபோது பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. பயந்துபோனேன்.

மாமு நம்பர் ஒன்று என்னிடம் இருந்தது. எப்போதோ மழைக்கு ஆட்டம் நிற்குமா என்று கேட்பதற்காக வாங்கியது. அடித்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று கொருக்குப்பேட்டையில் இறங்கினேன். ஸ்டேஷன் வாசல் டீக்கடையில், மாமு வீடு எங்கே என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்த மாமு என்றார். வெள்ளைத் தொப்பி போட்டிருப்பார், கால்பந்து பார்ப்பார் என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரில் மூன்று பேர் வெள்ளைத் தொப்பி. மூன்று பேரும் என்னைப் பார்த்து, சொல்லு மாமு என்றார்கள்.

நாலைந்து தடவை போனேன். தண்டவாளத்தை ஒட்டின சந்துகளில் நடந்தேன். தோல் கிடங்குகள், பழைய இரும்புக் கடைகள், பள்ளிவாசல் வாசல். எங்காவது ஒரு திருப்பத்தில் எதிரே வருவார் என்று நினைத்தேன். கூட்டம் பிதுங்குகிற தெருவில் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு நடப்பதைப் போல ஆளைத் தனியாக்குவது எதுவும் இல்லை. வீட்டில் இருந்தால்கூட அவ்வளவு தெரியாது. திரும்பி வரும்போது வண்டியில் ஏறாமல் இரண்டு வண்டியை விட்டுவிட்டுப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கண்ணில் பட்டது. யாரோ ஓர் அண்ணாச்சி. வண்டிக்கு நிற்கிற அத்தனை பேரும் அதை நின்று படித்தார்கள். செய்தித்தாளை யாரும் இப்படிப் படிப்பதில்லை.

முகம் இல்லாத போஸ்டர்

தேரடிப் பக்கம் போஸ்டர் அடிக்கும் கடையில் ஓர் இளைஞர் டிசைன் செய்கிறார். வாரத்துக்குப் பத்துச் சாவு பார்க்கிற கை. கிளப்புக்குக் கண்ணீர் அஞ்சலி என்றதும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போட்டோ கேட்டார். கிளப்புக்கு ஏது போட்டோ? சின்னம் இருக்கிறது என்றேன். போஸ்டர் என்றால் முகம் வேண்டும், முகம் இல்லாவிட்டால் கழிவுநீர் வாரிய அறிவிப்பு என்று நினைத்து யாரும் நிற்கமாட்டார்கள் என்றார். அனுபவஸ்தர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்.

என் போனில் ஒரே ஒரு படம் இருந்தது. மாமு கிளப் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் நான் பாதித் தலை மட்டும் தெரிய நிற்கும் படம். அதைக் கொடுத்தேன். மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. கிளப்புக்கு அஞ்சலியும் ஆச்சு. மாமுவைத் தெரிந்த யாராவது பார்த்துவிட்டு அவரிடம் சொன்னால், கீழே என் நம்பர் இருக்கிறது.

டிசைனர் தன் கை வழக்கப்படி வேலை செய்தார். என்னை வெட்டினார். மாமு முகத்தை வட்டத்துக்குள் வைத்தார். சுற்றி ஒரு ரோஜா மாலை போட்டார். கீழே இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. அதற்கும் கீழே, 'எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டுச் சென்ற' என்று நான் எழுதிக் கொடுத்தது. கிளப் பெயர் அதற்கும் கீழே, சின்ன எழுத்தில். 'இவண்: கிழக்கு ஸ்டாண்ட் நண்பன்.' நம்பர். நான் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். யார்டில் இத்தனை வருஷம் சீலைப் பார்த்தவனுக்குப் பெட்டியைப் பார்க்கத் தெரியவில்லை. அடியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. யாரோ ஒருவர், எப்போது அடக்கம் என்று கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் எப்போதோ அடக்கம் பண்ணியாச்சு என்றேன். அவர் ஏதோ ஓதிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்தது ஒரு பெண். கிளப் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். கொடியில் எங்கள் சின்னம் தெரிகிறது, அனுமதி வாங்கினீர்களா என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். இத்தனை வருஷத்தில் கிளப்பிலிருந்து எனக்கு வந்த முதல் போன். ஆட்டம் எப்போது தொடங்கும் என்று கேட்டேன். அது எங்கள் பிரிவு இல்லை சார் என்றார். உங்கள் பிரிவு உயிரோடு இருப்பது தெரிந்து சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது போன்.

“யோவ் மாமு. நா இன்னும் மவுத் ஆவல.”

தட்டைக் கீழே வைத்தேன்.

“இங்க வூட்டாண்ட வந்து பாரு, இன்னா பண்ணி வச்சிக்கீறேன்னு. கிழக்கு ஸ்டாண்டுனு போட்டுகீதே, உன்னத் தவிர எந்தப் பேமானி இத்தச் செய்வான்?”

அந்த மீன்கார அம்மா எதற்காக அழுதார் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் மாலைக்குள் இருக்கிற முகம் யாருடையதோ அவர்தான் செத்தவர். கீழே இருக்கிற எழுத்தை யார் படிக்கிறார்கள்? ஆனால் எனக்கு வெட்கம் வரவில்லை. அவர் குரலைக் கேட்டதும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் திட்டிக்கொண்டே இருந்தார். நான் அழுதுகொண்டே, அட்ரஸ் சொல்லு, அட்ரஸ் சொல்லு என்றேன்.

சாவு இல்லாத வீடு

நான் எத்தனையோ தடவை நடந்த சந்துக்கு அடுத்த சந்து அது. வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். செய்தி கேட்டதும் அக்கம்பக்கத்தார் வீட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் வாடகைக்கு எடுத்துப் போட்டுவிட்டார்களாம். வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நடு நாற்காலியில் மாமு தனியாக உட்கார்ந்திருந்தார். தொப்பி இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது.

உள்ளேயிருந்து அவர் மகள் எட்டிப் பார்த்தார். இவர்தானா அது என்று முறைத்துவிட்டு, டீ போடப் போனார். போகிறபோது, அப்பா போட்டோவுக்கு மாலை வேறு, எங்கள் ஆட்கள் மாலை போடுவார்களா என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். மன்னிப்புக் கேட்டேன்.

எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என்ன நடந்தது என்று மாமு சொன்னார். அவருடைய தம்பி பழவேற்காட்டில் இருக்கிறார். வீட்டைப் பிரித்ததில் வந்த சண்டையில் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. யாரோ போஸ்டரைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிணத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணியை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து இறங்கியிருக்கிறார். கதவைத் திறந்தது அண்ணன்.

“இன்னா சொன்னாரு?” என்றேன்.

“இன்னா சொல்வான். துணியால என் மூஞ்சிலயே அடிச்சான். அப்பால கட்டிப் புட்ச்சிகினு அய்தான்.” மாமு மூக்கைத் துடைத்துக்கொண்டார். “மத்தியானம் சாப்ட்டுட்டுத்தான் போனான்.”

பழைய போன் கழிவுநீர்க் குழியில் விழுந்து, மகள் புது நம்பர் வாங்கிக் கொடுத்தாராம். என்னைத் தேடி மாமு திருவொற்றியூருக்கு வந்திருக்கிறார். தேரடியில் நின்று மாமு வீடு எது என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கிறது. இரண்டு கிழவர்களும் இதற்கு மட்டும் சேர்ந்து சிரித்தோம். இந்தப் போஸ்டர் புண்ணியத்தில் அவர் பெயர் காஜா மொய்தீன் என்று அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன். என் பெயரையும் சொன்னேன். கேட்டுவிட்டு, சரி மாமு என்றார்.

எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க எங்களுக்குப் பழக்கமில்லை. அவர் என் செருப்பைப் பார்த்தார். நான் அவர் வீட்டுக் கதவைப் பார்த்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்த பேச்சையே எடுத்தேன். லீக் எப்படியும் திரும்ப வரும், யாராவது ஒரு பணக்காரன் எடுப்பான், நாம் முன்னால் போய்த் துண்டு போட்டுவிடவேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

மாமு கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மாமு, அந்த விக்கிப் பையன வித்தானுங்களே, அன்னியோட எனக்கு அந்த ஆட்டம் வுட்டுப்போச்சு. அதுக்கப்பால ஒரு கோலு கூட நா சரியாப் பாக்கல.”

“அப்பறம் எதுக்கு வந்துகினு இருந்த?”

“நீ தனியா குந்திகினு இருப்பியேன்னுதான் வந்தேன்.”

அத்தனை சனிக்கிழமைகள். மழையில், வெயிலில், நோன்பில், டிக்கெட் வாங்கி, பிடிக்காத ஆட்டத்தைப் பார்த்து, கார்னர் கிக்குக்கு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. அவருக்காக ஒருநாள்கூட நான் அப்படி எதையும் செய்ததில்லை. செய்யவேண்டும் என்று தோன்றினதும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடிக்கவில்லை என்றால் இனிமேல் வரவேண்டாம் மாமு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“நா வர்ல. நீ வா. ஏன், மேட்ச் இருந்தாத்தான் வருவியா?”

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் போனார்கள். ஒரு லாரி திரும்ப முடியாமல் திணறியது. ஓட்டத் தெரியாதவன் என்று மாமு சொன்னார். ஆமாம் என்றேன். டீ வந்தது, குடித்தோம்.

இருட்டுவதற்குள் வாடகைக்கடைக்காரர் மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சாவு இல்லை என்று கேள்விப்பட்டதும் நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்திருக்கிறார். ஒவ்வொன்றாக அடுக்கி, வண்டியில் ஏற்றி, கயிறு போட்டார். மிச்சம் இருந்தது நாங்கள் உட்கார்ந்திருந்தவை மட்டும். நான் எழுந்திருக்கப் போனேன். மாமு என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“இந்த ரெண்ட வுட்டுட்டுப் போ நைனா” என்றார் அவரிடம். “இவுரு ஞாயித்துக்கெயம வருவாரு.”